பதிப்பு எண் யாருக்காக?

சிலாபம், உடப்பு, ஆலங்குடா, நுரைச்சோலை, கற்பிட்டி என நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும் படகுகளில் பதிவிலக்கங்கள் எழுதப்பட்டிருக்கக் காணலாம். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகாயின் ‘ஓ.எஃப்.ஆர்.பி.’ என்ற எழுத்துக்கள் முன்னே நிற்கும். பல நாள் கடலிலே தங்கித் தொழில் செய்யும் உள்ளிணைப்பு இயந்திரக் கலமாயின் ‘ஐ.எம்.யு.எல்.’ என்பன நிற்கும். அவற்றையடுத்துத் தொடரெழுத்தும் இலக்கமும், ஈற்றில் அக்கலம் பதியப்பட்ட கடற்றொழில் மாவட்டத்தின் குறியும் வரும். ஆங்கிலம் கல்லாத தொழிலாளரும் அக்குறியைக் கண்ட மாத்திரத்தில், இது எவ்வகைக் கலம், எக்கரையைச் சேர்ந்தது என்று கூறிவிடுவர். இலக்கம் அங்கே அலங்காரம் அன்று, செய்தி.

அதே தொழிலாளரின் சட்டைப்பையிலே கிடக்கும் கைத்தொலைபேசிக்கும், கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் உள்ள கணினிக்கும் இலக்கங்கள் உண்டு. அவற்றிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண்களே அவை. அந்த எண்களைக் கண்டு அவர் அறிந்துகொள்வது யாது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. சில வேளைகளில் ஒன்றுமில்லை என்பதினும் தீயது நேர்கிறது. பிழையானதையே அவர் அறிந்துகொள்கிறார். இதற்கு அவருடைய கல்வியின்மையைக் காரணங்காட்டுவோர் உளர். படகின் குறியை ஐயமறப் படிப்பவர் தொலைபேசியின் எண்ணைப் படிக்க இயலாது திகைப்பாராயின், குறை படிப்பவரிடத்தில் அன்று, எழுதியவரிடத்திலேயே உள்ளது.

பதிப்பு எண் என்பது ஆக்குவோர் தம் வசதிக்காக இட்டுக்கொள்ளும் அடையாளம் மட்டும் அன்று. விற்போர் சந்தையில் உயர்த்திப் பிடிக்கும் கொடியும் அன்று. அது பாவனையாளருக்கு அளிக்கப்படும் வாக்கு. அவர் அந்த எண்ணிடம் கேட்கும் வினாக்கள் மூன்றே. இரண்டினுள் புதியது எது? புதியதை ஏற்றுக்கொண்டால் பழைய கோப்புகளும் பழகிய முறையும் நிலைக்குமா? கையில் இருப்பது எக்காலம் வரை பராமரிக்கப்படும்? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் விடை தராத எண் பயனற்றது. ஒன்றுக்கேனும் பொய்யான விடை தரும் எண் தீங்கானது.

சந்தையின் எண்கணிதம்

உலகின் பெருநிறுவனங்கள் இவ்விடயத்தில் நடந்துகொண்ட முறையை நோக்குமிடத்து, எண்ணும் கலையையே அவை மறந்துவிட்டனவோ என்ற ஐயம் எழுகிறது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 3.1 பதிப்பு 1992இல் வெளிவந்தது. அதன்பின் 95, 98, 2000 என ஆண்டுகள் பெயராயின. 2001இல் எண் மறைந்து ‘எக்ஸ்பி’ என்னும் எழுத்துக்கள் வந்தன. 2007இல் எழுத்துக்களும் மறைந்து ‘விஸ்டா’ என்னும் சொல் வந்தது. 2009இல் திடீரென 7 தோன்றியது. 2012இல் 8 வந்தது, 9 வரவேயில்லை, 2015இல் 10 வந்தது. இதுவே விண்டோஸின் இறுதிப் பதிப்பு என்று அந்நிறுவனத்தார் நடத்திய மாநாட்டிலேயே அன்று பேசப்பட்டது. 2021இல் 11 வந்தது. விண்டோஸ் 10க்கான பொதுவான பராமரிப்பு 2025 ஒற்றோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. ‘இறுதி’ என்ற சொல்லை நம்பிக் கணினி வாங்கிய சிற்றூர்ப் பாடசாலை எதனை நம்பியது?

வெளியே 7 என்று பெயர்பெற்ற பதிப்பு தன்னுள்ளே 6.1 என்றே எண்ணப்பட்டிருந்தது. பழைய மென்பொருள்கள் முதலெண்ணைச் சோதித்துப் பார்த்து இயங்க மறுத்துவிடக்கூடாது என்ற காரணம் அதற்குண்டு, அக்காரணம் நியாயமானதே. ஆயினும் விளைவு யாது? இயந்திரம் குழம்பாதிருக்க இயந்திரத்துக்கு ஓர் எண். மனிதருக்கோ சந்தைக்கு உகந்த வேறோர் எண். குழம்பக்கூடாது என்ற கவனம் இயந்திரத்தின்மீது காட்டப்பட்டது, மனிதர்மீது காட்டப்படவில்லை.

விண்டோஸ் 10இன் உட்பதிப்புகளுக்கு ஆண்டின் ஈற்றிரண்டு இலக்கங்களையும் மாதத்தின் இரண்டு இலக்கங்களையும் சேர்த்து எண்ணிடும் வழக்கம் இருந்தது. 1909 என்றால் 2019 செப்தெம்பர். அம்முறைப்படி 2020ஆம் ஆண்டுப் பதிப்பு ‘2004’ என்ற எண்ணைப் பெற்றது. 2004 என்று கண்டவர் அதனைப் பதினாறு ஆண்டு பழைய பொருள் என எண்ணினால், அவரை நகைப்பதற்கு எவருக்கு உரிமையுண்டு? அடுத்த பதிப்பிலேயே நிறுவனம் அவ்வழக்கத்தைக் கைவிட்டு வேறு குறிமுறையை மேற்கொண்டது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவா இதனினும் விந்தையானது. அதன் 1.2ஆம் பதிப்புக்கு ‘ஜாவா 2’ எனப் பெயரிட்டனர். 2004இல் 1.5 என்று வரவேண்டிய பதிப்பை 5.0 என அழைத்தனர்; பெயரிலிருந்த 2ஐயும் விட்டாரில்லை. ஆக, ஒரே பொருள் பெயரால் இரண்டாகவும், விளம்பரத்தால் ஐந்தாகவும், உள்ளே ஒன்று புள்ளி ஐந்தாகவும் ஒரே வேளையில் விளங்கிற்று. அப்பிள் நிறுவனம் 2024இல் தன் கைத்தொலைபேசி இயங்குதளத்துக்கு 18 என எண்ணிட்டு, 2025இல் 26 என எண்ணிட்டது. ஆண்டைக் குறிப்பதே நோக்கம் என்றனர். வெளிவந்த ஆண்டோ 2025. எண் குறித்ததோ அடுத்த ஆண்டு. வாகன விற்பனையாளர் கையாளும் உத்தி மென்பொருளுக்கும் வந்து சேர்ந்துள்ளது.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரிட்டால் குழப்பம் தீரும் என்பாரும் உளர். கூகிள் நிறுவனம் அன்ட்ரொயிட் இயங்குதளத்துக்கு இனிப்புப் பண்டங்களின் பெயர்களை ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் இட்டு வந்தது. கிட்கட், லொலிபொப், மார்ஷ்மெல்லோ, நூகட் என அது சென்றது. மார்ஷ்மெல்லோவை உண்டறியாத, ஆங்கில எழுத்து வரிசையை மனத்தில் ஓடவிட்டுப் பழகாத கற்பிட்டிப் பாவனையாளருக்கு இவற்றுள் முந்தியது எது, பிந்தியது எது? எண் எல்லா மொழிகளுக்கும் பொது. பெயரோ ஒரு மொழிக்கும் ஒரு பண்பாட்டுக்கும் உரியது. இப்பெயர்கள் உலகெங்கும் விளங்குவனவாக இல்லை என்பதை அந்நிறுவனமே 2019இல் ஏற்றுக்கொண்டு, 10ஆம் பதிப்பு முதல் வெறும் எண்ணுக்குத் திரும்பியது. ஆங்கிலம் அறியாதோரின் இடர்ப்பாடு, காலந் தாழ்த்தியேனும், உலகளாவிய ஒரு நிறுவனத்தின் முடிவை மாற்றியது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

தசமும் புள்ளியும்

இலங்கைப் பாடசாலையில் ஒரு மாணவன் 3.9 என்பதை ‘மூன்று தசம் ஒன்பது’ என்று படிக்கிறான். 3.10 என்பது 3.1க்குச் சமம் என்றும், ஆகவே 3.9இலும் சிறியது என்றும் கணித ஆசிரியர் அவனுக்குக் கற்பிக்கிறார். அவன் கணினி கற்க வரும்போதோ, பைதன் மொழியின் 3.9ஆம் பதிப்பு 2020இல் வந்தது, 3.10ஆம் பதிப்பு 2021இல் வந்தது, பின்னதே பெரியது என்கின்றனர். பாடசாலையில் சரியான விடை இங்கே பிழையாகிறது.

மென்பொருளாக்குநரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவர்களுக்குப் புள்ளி தசம் அன்று; பிரிப்புக்குறி. ஒரு நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஒன்பதாம் இயலுக்குப் பின்னர் பத்தாம் இயல் வருவது போன்றது அது. ஆனால் நூலில் ‘அதிகாரம்’, ‘இயல்’ என்ற சொற்கள் நின்று வழிகாட்டுகின்றன. பதிப்பு எண்ணில் புள்ளி மட்டுமே நிற்கிறது. இக்குழப்பம் பொதுமக்களுக்கு மட்டும் உரியதுமன்று. அமைப்புக் கோப்புகளில் 3.10 என மேற்கோட்குறியின்றி எழுதினால், அதனை எண்ணெனக் கொண்டு 3.1 என்றே வாசித்துவிடும் கருவிகள் உள. இயந்திரமே இடறும் இடத்தில் மனிதர் இடறுவது இயல்பன்றோ?

இதனைத் தவிர்ப்பது அரிய செயலும் அன்று. உபுண்டு இயங்குதளத்தின் முதற்பதிப்பு 2004 ஒற்றோபரில் 4.10 என்ற எண்ணுடன் வெளிவந்தது. அடுத்தது 2005 ஏப்பிரலில் 5.04 என வந்தது. ஆண்டு, மாதம் என்பனவே அவ்வெண்கள். ஏப்பிரலை 4 என்னாது 04 என்று எழுதினர். அச்சிறு பூச்சியத்தின் பயனாய், தசமமாகப் படிப்பவருக்கும் 5.04 முந்தியது, 5.10 பிந்தியது என்ற சரியான விடையே கிடைக்கிறது. எவரையும் எதையும் புதிதாகக் கற்கும்படி வற்புறுத்தாமல், அவர் ஏற்கெனவே கற்றதை மதித்து எண்ணிடும் முறை இதுவே.

‘தானாகவே புதுப்பிக்கப்படும்’ என்னும் வாதம்

இவற்றுக்கு மறுப்பாக இக்காலத்தில் ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது; பாவனையாளர் எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை; ஆகவே எவ்வாறு எண்ணிட்டால் என்ன என்பதே அவ்வாதம். இஃது இடையறாத இணையமும் புதிய கருவியும் உடையோரின் வாதம். அளந்து வாங்கிய தரவைச் சிக்கனமாகச் செலவிடுவோருக்கும், பிறர் பயன்படுத்திக் கழித்த தொலைபேசியை விலைகொடுத்து வாங்குவோருக்கும் இது பொருந்தாது. அத்தகையோர் புத்தளத்துத் தீவுகளிலும் உள்ளனர், கொழும்பின் தோட்டங்களிலும் உள்ளனர்.

வட்ஸ்அப் செயலி 2023 ஒற்றோபர் 24ஆம் திகதியுடன் அன்ட்ரொயிட் 5.0க்கு முற்பட்ட பதிப்புகளில் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டில் உழைக்கும் மகளோடு பேசுவதற்கும், மீன் விலையை விசாரிப்பதற்கும் அச்செயலியையே நம்பியிருப்பவருக்கு அன்று தேவைப்பட்டது ஒன்றுதான்: தம் கையிலிருப்பது 5.0க்கு முந்தியதா, பிந்தியதா என்பதை அறிதல். தானியங்கிப் புதுப்பிப்பு வந்து சேராத கருவிக்காரரே பதிப்பு எண்ணைப் பார்க்க நேர்கிறது. எண் யாருக்குத் தேவையோ, அவரே அதனை விளங்கிக்கொள்ள வசதி குறைந்தவர். ஆகவே, ‘எண் எவ்வாறாயினும் ஆகுக’ என்பது நடுநிலையான கூற்று அன்று. வசதியற்றவரைக் கைவிடும் கூற்று.

ஒரு பெயருக்குள் இரண்டு

பதிப்புகளைப் பிரித்தறிய முடியாமை தொழில்நுட்பவியலாளரின் சிறு தொல்லை மட்டுமே என எண்ணுவோர், 2011ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையை நினைவுகூர்தல் நலம். அவ்வாண்டு புதிய பாடத்திட்டத்திலும் பழைய பாடத்திட்டத்திலும் மாணவர் தோற்றினர். வெவ்வேறான இரு தொகுதியினரும் ஒன்றாகக் கொள்ளப்பட்டு இசட் புள்ளிகள் கணிக்கப்பட்டன. விடயம் நீதிமன்றுக்குச் சென்றது. 2012 யூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லாதென ஆக்கி, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகப் புத்தளம் கொள்ளப்படுகிறது. இசட் புள்ளியின் தசமதானங்களிலே ஒரு மாணவரின் எதிர்காலம் தங்கியிருக்கும் மாவட்டம் அது. இரு பதிப்புகளை ஒன்றெனக் கொண்டால் விளைவது வெறும் எரிச்சல் அன்று, அநீதி என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

கைக்கெட்டிய முன்மாதிரிகள்

குழப்பமற எண்ணிடுவது எவ்வாறு என்பதற்கு அயல்நாடுகளை நாட வேண்டியதில்லை. இலங்கையின் நில அளவையில் கண்டவளைத் தளத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய ஆள்கூற்று வலையும், 1999ஆம் ஆண்டின் புதிய வலையும் உள. பழையதன் தொடக்க மதிப்புகள் கிழக்கே 200,000 மீற்றர், வடக்கே 200,000 மீற்றர். புதியதில் அவை ஒவ்வொன்றும் 500,000 மீற்றர். இதனால் கற்பிட்டியின் கிழக்கு ஆள்கூறு பழைய வலையில் ஏறத்தாழ 90,000 ஆகவும், புதிய வலையில் ஏறத்தாழ 390,000 ஆகவும் அமையும். தொடக்க மதிப்பை மாற்றாது விட்டிருந்தால் இரண்டும் மிக நெருங்கிய எண்களாய் நின்று, அளவையாளரைப் பிழையான இடத்துக்கு இட்டுச் சென்றிருக்கும். இப்பொழுதோ எண்ணைக் கண்டவுடனேயே அது எவ்வலைக்குரியது என்பது தெரிகிறது.

தேசிய அடையாள அட்டையும் அத்தகையதே. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டிருந்த பழைய எண், 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்களானது. பிறந்த ஆண்டு நான்கு இலக்கங்களில் முழுமையாகத் தெரிகிறது. எண்ணின் நீளமே அதன் பதிப்பைப் பறைசாற்றுகிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் வழக்கமும் நோக்கத்தக்கது. சிங்கள எழுத்துக் குறியீட்டுக்கான நியமம் 1134 என்ற ஒரே இலக்கத்தை மாற்றாது வைத்துக்கொண்டு, 1996, 2004, 2011 என ஆண்டால் மட்டும் திருத்தங்களை வேறுபடுத்திற்று. தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான 1326ஆம் நியமம் 2008ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. பொருள் எது என்பதை ஓர் எண்ணும், காலம் எது என்பதை மற்றோர் எண்ணும் கூறுகின்றன. ஒன்றன் வேலையில் மற்றொன்று தலையிடுவதில்லை.

கடலிலும் இதற்கு நெடிய மரபுண்டு. பிரித்தானியக் கடற்படை வரைபடங்களில் பதிப்பின் திகதி அச்சிடப்பட்டிருக்கும். பின்னர் அறிவிக்கப்படும் சிறு திருத்தங்களின் ஆண்டும் அறிவித்தல் இலக்கமும் இடப்புறக் கீழ்மூலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிக்கப்படும். புதிய பதிப்பு வந்தால் பழையது செல்லாததாகும். சிறு திருத்தம் வேறு, புதிய பதிப்பு வேறு என்ற வேறுபாட்டை மாலுமிகள் பேணியமைக்குக் காரணம் எளிது: பிழைத்தால் கப்பல் பாறையில் மோதும்.

தமிழில் உள்ள மூன்று சொற்கள்

இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பதிப்புலகமும் அறியும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலந்தொட்டு வளர்ந்து வந்த நூற்பதிப்பு மரபில், நூலின் முகப்பேட்டைப் புரட்டும் வாசகர் மூவகைச் சொற்களைக் காண்பார். ‘மறு அச்சு’ என்றிருந்தால் பாடம் மாறவில்லை. ‘திருத்திய பதிப்பு’ என்றிருந்தால் பிழை களையப்பட்டுள்ளது. பழைய பக்க எண்கள் பெரும்பாலும் உதவும். ‘புதுக்கிய பதிப்பு’ என்றிருந்தால் நூல் புதிதாகவே ஆக்கப்பட்டுள்ளது. பழைய மேற்கோள்களைச் சரிபார்த்தே ஆகவேண்டும். இவற்றுடன் ஆண்டும் நிற்கும். மேற்கூறிய மூன்று வினாக்களில் முதலிரண்டுக்கும் இங்கே விடையுண்டு.

மென்பொருளாக்குநரிடையே டொம் பிரெஸ்டன்-வேர்னர் வகுத்த மூவெண் முறை பெருவழக்காக உள்ளது. பழையதோடு பொருந்தாத மாற்றத்துக்கு முதலெண்ணும், பொருந்தும் புது வசதிக்கு இரண்டாமெண்ணும், பிழைதிருத்தத்துக்கு மூன்றாமெண்ணும் உயரும். இது நேர்மையான முறை. எனினும் அது நிரலாளர் நிரலாளருக்குச் சொல்லும் செய்தி. அவ்விதியைப் படித்திராத பொதுமகனுக்கு 2.4.1 என்பது ஊமை எண்ணே. அம்மூவெண்ணை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே ஆண்டையும் மேற்கூறிய தமிழ்ச்சொற்களுள் ஒன்றையும் காட்டுவதற்குத் தடை யாது? ‘2026 திருத்திய பதிப்பு, 2029 வரை பராமரிக்கப்படும்’ என்று திரையில் எழுதினால் விளங்காதவர் யார்?

மும்மொழியிலும் வெளியிடப்படும் அரச மென்பொருள்களுக்கு இன்னுமொரு விதி வேண்டும். தமிழ் இடைமுகம் ஆங்கில இடைமுகத்தின் முழுமையை எய்தாதிருக்குமாயின், இரண்டுக்கும் ஒரே பதிப்பு எண்ணை இடலாகாது. ஒரே எண் இடப்படுமாயின், கிடைக்காத வசதி கிடைத்ததாகப் பதிவேட்டில் எழுதப்படும். குறையை முறையிட வருபவருக்கு ‘புதிய பதிப்புத்தானே உம்மிடம் உள்ளது’ என்ற விடையே கிடைக்கும். எண்ணின் சமத்துவம் மொழியின் சமத்துவம் ஆகாது. அதன் இன்மையை மறைக்கும் திரையாகவே அமையும்.

கலைப்பீடத்தாருக்கு இதில் யாது வேலை என வினவுவோர் இருக்கலாம். எண்ணுக்குப் பொருள் உண்டாவது வாசிப்பவரின் மனத்தில். வாசிப்பைப் பற்றிய ஆராய்ச்சி மொழித்துறையாருக்கு உரியது. நாளை மென்பொருள்களைத் தமிழாக்கப் போவோரும், அரச அலுவலகங்களில் அவற்றைத் தெரிவு செய்யப் போவோரும் இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலே அமர்ந்திருக்கின்றனர். ஒரு மென்பொருள் தம் முன் வைக்கப்படும்போது அவர்கள் கேட்கவேண்டிய முதல் வினா, அது எத்தனை வசதிகளை உடையது என்பதன்று. அதன் எண், பாவனையாளரின் மூன்று வினாக்களுக்கும் உண்மையான விடை தருகிறதா என்பதே. விடை தராத எண்ணுடன் வரும் பொருளைத் திருப்பி அனுப்பும் துணிவு வாங்குவோருக்கு வரும் நாளில், எண்ணிடுவோருக்குப் பொறுப்பும் தானே வரும்.